வெள்ளி சால்மனுக்குக் காட்டிய இரக்கம்

மொன்றியல் விமான நிலையம். வான்கூவர் விமானத்துப் பெட்டிகளுக்காகக் காத்து நிற்கிறோம். என் பக்கத்தில் நிற்கிற யாழ்ப்பாணத்து அண்ணை, இடுப்புவரை ஏறும் ரப்பர் சப்பாத்தைத் தோளில் தொங்கவிட்டிருக்கிறார். மேற்கே, தெருவே போகாத ஓர் ஆற்றில் வெள்ளி சால்மன் பிடித்துவிட்டு வருகிறாராம். காமெராவில் படம் காட்டுகிறார். பருவம் முடிகிற நேரத்து மீன். வெள்ளி நிறம் போய்ச் சிவந்து, தாடை கொக்கிபோல் வளைந்திருக்கிறது. படத்தில் அண்ணை அதற்கு முத்தம் கொடுக்கிறார்.

"மீனெல்லாம் பெட்டியில வருதாண்ணே?"

"இல்லைத் தம்பி. பிடிச்சதெல்லாத்தையும் திரும்ப ஆத்திலை விட்டிட்டன். பாவமெல்லே, அதுவும் ஒரு சீவன்தானே."

இனம் பெருக்கிவிட்டுச் சாகவே ஆறேறுகிற மீன் அது. வழியெல்லாம் பட்டினி. அதன் வாயில் தூண்டிலை மாட்டி, களைத்துப்போகும்வரை இழுத்து, முத்தமும் கொடுத்து அனுப்பியதற்குப் பெயர் இரக்கம். அதைக் காட்ட நாட்டின் அந்தக் கோடிவரை பறக்கவும் வேண்டியிருக்கிறது.

அண்ணை கைத்தொலைபேசியில் மனைவியைக் கூப்பிடுகிறார்.

"ஓமப்பா, வந்திட்டன். சரியான பசி. அலுமாரியிலை கிடக்கிற சால்மன் டின்னை உடைச்சு ஒரு குழம்பு வையும்."