காற்றடித்து வைத்த சைக்கிள்

அறுபதுகளின் கடைசியில், நான் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில் நடந்தது இது. வீடு முழுக்கத் தறிதான். என் கணவர் பட்டு நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பேன். நாள் முழுக்க அருகிலேயே இருந்தும் எங்களுக்குள் பேச்சு கிடையாது. பேசினால் இழை தப்பும். தப்பாவிட்டாலும் அடுக்களையிலிருந்து மாமியார் இருமுவார்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அப்படி ஒரு அமாவாசையில், திருமுக்கூடல் கோயிலுக்குப் போய்வருவதாகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டார். தெருவைத் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் மனிதர் வாயைத் திறந்தார் பாருங்கள், மூடவே இல்லை! பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, பார்க்க ஆசைப்பட்ட ஊர்கள், பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு உப்புமாவில் உப்பே இல்லாதது வரை எல்லாம் வந்தது. இவருக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று அசந்துபோனேன்.

வாலாஜாபாத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இளைப்பாறினோம்.

"நீ ஓட்டிப் பாக்குறியாம்மா?" என்றார்.

"இன்னாங்க இது, யாராச்சும் பாத்தா?"

"யாரு இருக்காங்க? காக்காதான் குந்திக்கினு இருக்குது. வா, நான் புடிச்சிக்கிறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டேன். எப்போது கையை விட்டாரோ தெரியாது, நான்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான், வேர்க்கடலைக் கொல்லைக்குள் சைக்கிளோடு விழுந்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "நல்லாத்தான் ஓட்டினே, ஏன்மா திரும்பிப் பாத்தே?" என்று சிரித்தார். புகுந்த வீட்டுக்கு வந்தபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த அமாவாசைக்குக் காலையிலேயே சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து வாசலில் நிறுத்தியிருந்தார். "போலாமா?" என்றார். மாமியார் அருகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையை நான்தான் ஊர் சுற்ற இழுக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில், அவர் காதில் விழவேண்டும் என்றே, "எனக்கு வேற வேலை இல்லியா? உங்களுக்குத்தான் ஊர் சுத்துற புத்தி" என்று வெடுக்கென்று சொன்னேன்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "ஏன்மா, ஆசையாக் கூப்புடுறான். போய்ட்டு வாயேன். இங்க இன்னா வேலை கெடக்குது?"

சொன்னதை எப்படி விழுங்குவது? "கால் வலிக்குது அத்தே" என்று உள்ளே போய்விட்டேன். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவைக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்டால் நான் வருவேன் என்று தெரியாமலேயே அவர் வாழ்ந்து முடித்துவிட்டார். மாமியாருக்காகச் சொன்னது அது என்று தறியில் உட்கார்ந்தபடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இழை தப்பினால் தப்பிவிட்டுப் போகட்டும் என்று. இப்போதும் அமாவாசைக் காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டால், "இதோ வர்றேங்க" என்று வாய்வரை வந்து நின்றுவிடுகிறது.