கில்பட் அண்ணன் வீட்டில் தங்கிப்போன மருந்து

கற்பிட்டி வீதியில் நுரைச்சோலையைத் தாண்டிப் போனால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். அந்த ஒடுக்கத்தில்தான் எங்கள் ஊர். கடற்கரையோரம் நாங்கள், கத்தோலிக்கர். வீதிக்கு உட்புறம் வெங்காயமும் மிளகாயும் போடும் முஸ்லிம் குடும்பங்கள். இரண்டு பக்கத்திலும் எந்த நாயும் குரைக்காத ஒரே ஆள் தபால்காரர் கில்பட் அண்ணன்.

இருபத்திரண்டு வருடம் அவர் எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவந்தார். மெலிந்த உடம்பு, காக்கிச் சட்டை, சைக்கிள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். வீட்டு வாசலில் நின்று மணியை இரண்டு தரம் அடிப்பார். ஆள் வரும்வரை நிற்பார். மூன்றாம் தரம் அடிக்கமாட்டார். அவருடைய மனைவி எமிலியா அக்காதான் அந்த வீட்டில் பேசுகிறவர்.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஊரடங்கு வந்தபோது ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஆட்கள் போக முடியாமல் போனது. அதனால் மாதாந்த மருந்தைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். கடிதமே குறைந்துபோயிருந்த காலத்தில் கில்பட் அண்ணனின் பை மறுபடியும் நிரம்பியது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, சைக்கிள் முன்கூடையில் ஒரு போத்தல் சானிடைசரும் வைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வாளித் தண்ணீரும் கயிற்றில் கட்டிய சவுக்காரமும் இருக்கும். பொதியை மதிலில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று, "பெயரைப் பாருங்க, உங்கடதானே?" என்று கேட்பார்.

அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. கடிதத்தில் விலாசம் மட்டும்தான் இருக்கும். இந்தப் பொதிகளில் பெயருக்குக் கீழே எந்தக் கிளினிக் என்றும் எழுதியிருந்தது. யாருக்கு இருதய வருத்தம், யாருக்கு மனநோய், யார் மதிப்பாக நடந்துகொண்டு உள்ளுக்குள் எதற்கு மருந்து குடிக்கிறார் என்பதெல்லாம் கேட்காமலே அவருக்குத் தெரியவந்தது. அதுவரை அவரைக் கண்டதும் சிரித்தவர்களில் சிலர் பொதியை எடுக்கும்போது கீழே பார்த்தார்கள். அவரும் கீழே பார்த்தார். எமிலியா அக்காவிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீதிக்கு உட்புறம் இருந்த ஸுலைஹா மட்டும் அவரிடம் நேரே பேசினாள். கணவன் இல்லாதவள். ஒரே மகள் ஸக்கியாவுக்கு இருபது வயது. சின்ன வயதிலிருந்தே அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும். மருந்து ஒழுங்காக எடுத்ததால் நான்கு வருடமாக வரவில்லை. ஊரில் யாருக்கும் அது தெரியாது. மதுரங்குளியில் ஒரு நல்ல இடம் பேசி முடித்து, ஊரடங்கு நீங்கினால் நிக்காஹ் என்று வைத்திருந்தார்கள்.

"அண்ணன், மாப்புள வீட்டுக்கு நான்தான் சொல்லோணும். நேரம் பாத்துச் சொல்லுவன்" என்றாள் ஸுலைஹா. "அதுக்கு முன்ன வேற வாயால போயிரக் கூடாது. எங்கட பொதிய மட்டும் மதிலுல வைக்காதீங்க."

"நான் பின்பக்கத்தால வந்து தாரன் தங்கச்சி. நீங்க யோசிக்காதீங்க."

அப்படியே செய்தார். அதிலிருந்து மாதாமாதம் ஸக்கியாவின் மருந்தை ஒரு சீலைப் பைக்குள் போட்டு, பின்வேலியால் நீட்டினார்.

ஐப்பசியில் கொழும்பு மீன் சந்தையில் நோய் பரவியது. எங்கள் கரையிலிருந்து மீன் ஏற்றிப்போகும் லொறிக்காரர்களுக்கும் அது வந்தது. எமிலியா அக்காவின் தம்பி ஜூட் ஒரு மீன் லொறியில் கிளீனராக இருந்தான். திரும்பி வந்த அன்று அக்கா வீட்டில் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, அவனுக்குத் தொற்று என்று அம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது.

அதற்கு முந்திய மாலை நல்ல மழை. கில்பட் அண்ணனிடம் ஏழு பொதிகள் மிச்சம் இருந்தன. தபாலகத்தில் திருப்பி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அன்று நனைந்து, களைத்து, விடிந்ததும் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று பையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படிச் செய்தது அது முதல்தரம் என்று பிறகு என்னிடம் சொன்னார். ஏழில் ஒன்று ஸக்கியாவுடையது.

வியாழக்கிழமை அவர் சட்டை போட்டுக்கொண்டு புறப்படும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்துவிட்டார். கேட்டில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார். பதினான்கு நாள். ஆளும் வெளியே வரக்கூடாது, வீட்டிலிருந்து சாமானும் வெளியே போகக்கூடாது.

"ஐயா, என்னட்ட ஆக்களுக்குக் குடுக்கிற மருந்து இரிக்குது" என்றார் கில்பட் அண்ணன்.

பி.எச்.ஐ. நல்ல மனிதர்தான். இரண்டு நாள் தூங்காத முகம். வீதியில் நின்றபடியே உரத்துக் கேட்டார்: "உயிருக்கு அவசரமான மருந்து ஏதும் இரிக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க, மேல கேட்டு எடுத்துத் தாரன். யார்ட, என்ன மருந்து?"

பக்கத்து வீட்டு அருளப்பு வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். வீதியில் சைக்கிளோடு நாலைந்து பேர். எல்லோரும் கில்பட் அண்ணனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரஷர், சீனி வருத்தம்... அப்பிடித்தான் ஐயா" என்றார் அவர்.

"அப்ப பிரச்சின இல்ல. பி.சி.ஆர். எடுத்து முடிவு வரட்டும்." பி.எச்.ஐ. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் கில்பட் அண்ணன் உள்ளே போய், தனியே பேச பி.எச்.ஐ.யின் நம்பருக்கு அழைத்தார். எடுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அழைத்தார். அந்தக் கிழமை ஊர் முழுக்க அந்த ஒரு நம்பருக்குத்தான் அழைத்துக்கொண்டிருந்தது. தபாலதிபர் டயனா மிஸ், ஆஸ்பத்திரிக்குச் சொல்லி எல்லோருக்கும் புதிதாகப் பொதி போட வைக்கிறேன் என்றார். ஆனால் அது செவ்வாய்க்கிழமைதான் வரும்.

பிறகு ஸுலைஹாவுக்கு அழைத்தார்.

"புதுப் பொதி செவ்வாய்தான் வரும். எத்தின நாளைக்கு மருந்து இரிக்குது தங்கச்சி?"

"சனி காலையோட முடியும்."

"நான் பி.எச்.ஐ. ஐயாட்ட விசயத்தச் சொல்லட்டா? ஊர் விதானையிட்ட சொன்னாலும் ஏதாவது செய்வாரு."

"விதானையிட்டயா? அவர்ட்ட சொன்னா பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொன்ன மாதிரித்தான். அல்லாஹ்வுக்காக வாயத் திறந்திராதீங்க அண்ணன். நாலு வருசமா வராதது மூணு நாளையில வரப்போகுதா?"

வராது என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. வரும் என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பிள்ளைய வெயிலுக்குள்ள விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பி.சி.ஆர். எடுத்தார்கள். அன்றே ஊர் வீதியின் இரண்டு முனையிலும் தடை போட்டார்கள். மருந்து வாங்கப் புத்தளம் பாமசிக்குக்கூட யாரும் போக முடியாது. ஞாயிறு பூசை இல்லை. கில்பட் அண்ணன் ஸக்கியாவின் பொதியை மட்டும் எடுத்து, சானிடைசரால் துடைத்து, இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, வேலியருகே நின்று அருளப்புவைக் கூப்பிட்டார்.

"இத அந்தச் சந்தியடியில வைச்சுவிடுவீங்களா? நான் தடியில கட்டி நீட்டுறன். கை பட வேணாம்."

அருளப்பு பத்தடி பின்னுக்குப் போனார். "உனக்கென்ன விசரா? என்ட வீட்ட மூணு பேரப்பிள்ளையள். உன்ட வீட்டுச் சாமான நான் தொடுறதா? அதுவும் யாருக்கு இது, இவ்வளவு அவசரமா?"

கில்பட் அண்ணன் பொதியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போனார். "உங்கட மருந்தில்ல, உங்கட பிள்ளையில்ல. என்னத்துக்கு இப்பிடித் தேயிறீங்க?" என்று எமிலியா அக்கா கேட்டார். யாருடைய மருந்து என்று அவருக்கும் தெரியாது. கில்பட் அண்ணன் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை பத்துமணிபோல் மரக்கறி லொறி வந்தது. அனுமதி பெற்று மதுரங்குளியிலிருந்து வரும் லாபிர் நாநாவின் லொறி. கில்பட் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு ஐம்பது யார் தள்ளி, சந்தியில் நிறுத்தினார். வீதியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. ஒரு வட்டத்துக்கு ஒருவர். நானும் அங்கே நின்றேன், ஆறாவது வட்டத்தில். நான் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளுக்கு முதலுதவி படிப்பித்தவள். இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்வது நியாயமில்லை.

எனக்கு முன்னால், லொறிக்குக் கிட்ட முதல் வட்டத்தில் ஸக்கியா நின்றாள். தாய்க்குக் கால் வீங்கியிருந்ததால் அவளே வந்திருந்தாள் என்று பிறகு அறிந்தேன். கறுப்பு அபாயா, நீல முகக்கவசம், கையில் பன் புல்லால் பின்னிய ஒரு பை. நல்ல வெயில். திடீரென்று அவள் ஒரு சத்தம் போட்டாள். மனிதச் சத்தம் மாதிரி இல்லை. அப்படியே முன்பக்கமாக விழுந்தாள். நெற்றி லொறியின் பின்படியில் அடித்தது. கை கால் இழுக்கத் தொடங்கியது.

"கொரோனா! கொரோனா!" என்று யாரோ கத்தினார்கள். டீவியில் எந்தெந்த நாட்டிலோ வீதியில் ஆட்கள் சுருண்டு விழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். வட்டங்கள் ஒரு நொடியில் காலியாகின. நான் மதிலோடு போய் ஒட்டிக்கொண்டேன். அந்தப் பிள்ளை வீதிக் கல்லில் தலையை அடித்துக்கொண்டு கிடந்தாள். முகக்கவசம் இரத்தத்தில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. இருபது பேர் இருந்தோம். அதைக் கழற்றிவிட ஒருவர் போகவில்லை.

கில்பட் அண்ணன் தன் கேட்டுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கேட்டின் கொக்கியைக் கழற்றினார். எமிலியா அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு இரிந்தா அந்தப் பிள்ளைக்கும் குடுத்துருவீங்க. இன்னும் முடிவு வரல்ல!" அது அவரை நிறுத்தியது. ஜூட் குடித்த கோப்பையைக் கழுவியது கில்பட் அண்ணன்தான். தன் உடம்பில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றார்.

பிறகு கத்தினார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

"அது கொரோனா இல்ல! வலிப்பு! அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்து வலிப்பு! மருந்து என்னட்ட இரிக்குது! மாஸ்க்கக் கழட்டி ஒருக்களிச்சுப் போடுங்க, ஐயோ, யாராவது போங்க!"

லாபிர் நாநா லொறியிலிருந்து குதித்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். வெற்று வெங்காயச் சாக்கை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து, அவளைப் பக்கவாட்டில் புரட்டினார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கால் வந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்தேன். அதற்குள் இழுப்பு குறைந்துகொண்டிருந்தது.

அம்புலன்ஸ் வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வந்தவர்களும் முதலில் "கொரோனாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிட்ட வந்தார்கள். நெற்றியில் ஆறு தையல். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. வேறு சேதம் இல்லை.

அடுத்த நாள் கில்பட் அண்ணன் வீட்டு முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் தொற்று இல்லை. ஜூட்டும் மூன்று கிழமையில் சுகமாகித் திரும்பினான். டயனா மிஸ் சொன்னபடி அன்றே புதிய பொதிகளும் வந்தன.

லாபிர் நாநா கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லியிருக்கமாட்டார். மரக்கறி விற்கப்போய் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதை வீட்டில் சொல்லியிருப்பார், கடையில் சொல்லியிருப்பார். மதுரங்குளி பெரிய ஊர் இல்லை. ஒரு கிழமையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஸுலைஹாவுக்கு போன் வந்தது. "காலம் சரியில்ல தானே, இப்பத்தக்கி வேணாம், பொறகு பாப்பம்" என்றார்கள். பிறகு அவர்கள் பார்க்கவில்லை.

பதினான்கு நாள் முடிந்ததும் கில்பட் அண்ணன் முதலில் போனது ஸுலைஹா வீட்டுக்கு. ஸக்கியா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. ஸுலைஹா ஒரு கதிரையைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தாள். அவர் உட்காரவில்லை.

"என்ன மன்னிச்சிருங்க தங்கச்சி. அன்டைக்கே பி.எச்.ஐ. ஐயாட்ட சொல்லியிருக்கோணும். இல்லாட்டி கடைசிவரைக்கும் சொல்லாம இரிந்திருக்கோணும்."

"சொல்லாம இரிந்தா என்ட புள்ள மௌத்தாகியிருக்கும்."

"ஓம்."

"நான்தான் சொல்ல வேணாமெண்டன். அதுவும் எனக்குத் தெரியும்." கதிரையை மரத்தோடு ஒட்டி வைத்தாள். "ஆனா நீங்க இனி பின்பக்கத்தால வர வேணாம் அண்ணன். முன்னுக்கே வைச்சிட்டுப் போங்க. இனி என்ன இரிக்குது மறைக்க."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன் டீச்சர் என்று கில்பட் அண்ணன் என்னிடம் சொன்னார். அதன்பிறகு அவர் இடமாற்றம் கேட்டு எழுதினார். எட்டு மாதத்தில் முந்தல் தபாலகத்துக்குக் கிடைத்தது. காரணம் கேட்டவர்களிடம் சைக்கிள் மிதிக்க முழங்கால் நோகிறதென்றார்.

ஸக்கியா இப்போது புத்தளத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. பஸ்ஸில் கண்டால் என்னோடு நன்றாகக் கதைப்பாள். அன்று யார் யார் அங்கே நின்றார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் முந்தல் சந்தியில் கில்பட் அண்ணனைக் கண்டேன். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் என்றார். என் பிள்ளைகளை விசாரித்தார். பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே, "ஸக்கியா மருந்து ஒழுங்கா எடுக்குதா டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? "ஓம்" என்றேன்.