தலையாட்டி நேசையா

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நேசையாவைத் தெரியாத டிரைவர் கிடையாது. கழுத்தில் விசில், கையில் நோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா, அதற்கெல்லாம் மேலே ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் தலை. யாரோ ஏதோ சொல்ல, இவர் 'ஆமா, ஆமா' என்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஒரே சீராக ஆடும். புதிதாக வந்த டிரைவர் ஒருவர் அதைப் போகச் சொல்லும் சைகை என்று எடுத்துக்கொண்டு, சீவலப்பேரி வண்டியை நாலு நிமிஷம் முன்னாலேயே கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வண்டியைத் தவறவிட்டவர்கள் வந்து நேசையாவிடம் சத்தம் போட்டார்கள். அவர்களுக்கும் அந்தத் தலை ஆமாம் போட்டது.

தலையாட்டி என்று ஊர் பெயர் வைத்ததில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அந்தத் தலைக்கு இன்னோர் இடத்தில் பெரிய மரியாதை இருந்தது.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல், போகும்போது இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. வெளியே தள்ளும் ரத்தத்தில் பாதி திரும்ப உள்ளே வழிந்துவிடும். அதை ஈடுகட்ட இதயம் ஒவ்வொரு முறையும் ஓங்கி அடிக்கும். அந்த அடியில்தான் தலை ஆடியது. இப்படி ஒரு நோயாளி மருத்துவக் கல்லூரிக்கு லேசில் கிடைக்கமாட்டார். அதனால் 1985 முதல் வருஷா வருஷம் செய்முறைப் பரீட்சைக்கு அவரைக் கூப்பிட ஆள் வரும். வார்டில் ஐந்தாம் நம்பர் கட்டிலை அவருக்கென்று ஒழித்து வைப்பார்கள். மாணவர் வந்து கேள்வி கேட்டு, நாடி பிடித்து, நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இன்ன நோய் என்று பரீட்சகரிடம் சொல்ல வேண்டும்.

நேசையாவுக்கு இளகிய மனசு. எதிரே ஒரு பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. பரீட்சகர் அந்தப் பக்கம் திரும்பியதும் உதடு அசையாமல் சொல்லிவிடுவார்.

"வால்வு லீக்கு. தலையப் பாருங்க."

இப்படிச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் பரீட்சைக்கு வரும் எல்லா நோயாளிகளுக்கும் உண்டு. பரீட்சகர்களுக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தான் பாஸ் பண்ணவைத்த டாக்டர்கள் சென்னை வரைக்கும் இருக்கிறார்கள் என்று நேசையாவுக்குப் பெருமை பிடிபடாது. "அப்போ வியாதிக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிருவோம் ஜெசிப்பா" என்பாள் அவர் மனைவி கிரேஸ். மகள் ஜெசியை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். மிஷன் பள்ளிக்கூட டீச்சர், வாய் கொஞ்சம் நீளம்.

ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாமே என்று கேட்டதற்குத் தலைமை டாக்டர் ஞானசம்பந்தன் ஆரம்பத்திலேயே பதில் சொல்லியிருந்தார்.

"இப்போ வேண்டாம் வே. இதயம் பலமா இருக்கு. அது தளர ஆரம்பிக்கும் பாரும், அப்போ உடனே பண்ணிரணும், தள்ளிப்போட்டா ஆளு தங்காது. அத நாங்க பாத்துக்கிடுதோம்."

அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் நேசையா பதினோரு வருஷம் நிம்மதியாக விசில் ஊதினார்.

1996 ஜனவரியில் டாக்டர் பத்மப்ரியா ஒரு டேப் ரிக்கார்டரோடு வந்தாள். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவள். மாணவர்கள் ஒரு நோயைக் கண்டுபிடிக்கும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நோயாளி முன்னால் நின்று மனதில் ஓடுவதையெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதை அவள் பதிவு செய்துகொள்வாள். நேசையாவை வைத்து ஒரு ஒத்திகை பார்த்தபோது டேப்பில் ஒரு சத்தம் விழுந்தது. அந்த ஐந்தாம் நம்பர் கட்டிலின் தலைமாட்டில் கேஸ் ஷீட் மாட்டும் தகர அட்டை தொங்கும். அவர் சாய்ந்திருந்தால் தலை ஆடும் ஒவ்வொரு தடவையும் அட்டை கம்பியில் தட்டும். டிக், டிக், டிக். பேச்சே சரியாகக் கேட்கவில்லை என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு நாள் காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்த நேசையாவுக்கு எதுவோ குறைவதுபோல் இருந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. டம்ளர் பல்லில் தட்டவில்லை. எத்தனையோ வருஷமாக அவர் காப்பி குடித்தால் டம்ளர் விளிம்பு பல்லில் கிணுகிணுக்கும். சவரக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். கண்ணாடிக்குள் ஓர் ஆள் அசையாமல் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டதுபோல அவருக்குக் கூசியது.

"கிரேஸு, என் தலை ஆடுதா பாரு."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆடத்தான செய்யுது. புதுசாவா ஆடுது?"

"நல்லாப் பாரு."

பக்கத்தில் வந்து முகத்துக்கு நேரே நின்று பார்த்தாள். "ஆடுது ஜெசிப்பா. எப்பவும் போலத்தான்."

நேசையா மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். தலை ஆடவில்லை. கட்டிய பெண்டாட்டி பொய் சொல்லமாட்டாள், அதுதான் பயமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டிலும் அதே கதை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டிரைவர்கள் இவர் தலையைப் பார்த்து, "சரி சரி அண்ணாச்சி, இந்தா எடுத்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். இவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தார். விசில் ஊத மூச்சுப் போதவில்லை. ராத்திரி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் கண் அயர முடிந்தது.

ஜூலையில் ஆராய்ச்சி தொடங்கியது. இருபது மாணவர்கள். உள்ளே வருமுன் ஆளுக்கு ஒரு சீட்டு. பத்துப் பேருடைய சீட்டில் 'வால்வு நோயாக இருக்கலாம்' என்று இருக்கும், மற்றப் பத்துப் பேருக்கு 'ரத்தசோகையாக இருக்கலாம்' என்று பொய்ச் சீட்டு. நேசையா வாயே திறக்கக் கூடாது என்று பத்மப்ரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வால்வுச் சீட்டோடு வந்த முதல் மாணவர் ஒரு முழ தூரத்தில் நின்று, ஐந்தாம் கட்டிலில் சாய்ந்திருந்த இவர் முகத்தைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் மருந்து அலமாரிக் கண்ணாடி. அதில் நேசையாவுக்குத் தன் தலை தெரிந்தது. நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது.

"தலை ஆடுது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுது" என்றார் மாணவர்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்த பெண்ணும் சொன்னாள். ஒருவர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தலை ஆடுவதை எண்ணி, நிமிஷத்துக்குத் தொண்ணூற்றிரண்டு என்றார். அவர்கள் தன்னைப் பார்க்கவில்லை, தன் கழுத்தின்மேல் வேறொரு தலையைப் பார்க்கிறார்கள் என்று நேசையாவுக்குத் தோன்றியது. அந்தத் தலையை அங்கே வைத்ததே தான்தான் என்பதும் அப்போது உறைத்தது. தலையப் பாருங்க, தலையப் பாருங்க என்று பதினோரு வருஷமாக ஓதியது யார்?

ரத்தசோகைச் சீட்டுக்காரர்கள் தலையைப் பற்றிப் பேசவே இல்லை. அதில் ஒரு பெண் மட்டும், "முகத்தில் எந்த அசைவும் இல்லை" என்றாள்.

எல்லாம் முடிந்ததும் பத்மப்ரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா? பொய்ச் சீட்டு எப்படிக் கண்ணைக் கட்டிருச்சு! ஒருத்தருக்கும் தலை ஆடினது தெரியலை. நான் நினைச்சது சரியாப் போச்சு."

"டாக்டரம்மா," என்றார் நேசையா, "பொய்ச் சீட்டு வாங்கின பத்துப் பேரு கண்டதுதான் நெசம். என் தலை ஆடி ஒரு மாசத்துக்கு மேல ஆகுது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பரிவோடுதான் பார்த்தாள். "ஆடுதே அண்ணாச்சி" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, "நான் செத்துக் கெடந்தாலும் ஆடுதும்பாங்க" என்றார். கிரேஸ் அவரைச் சத்தம் போட்டாள். போட்டுவிட்டு, அவர் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேசையா ஒரு வாரம் யோசித்தார். கண்ணால் பார்க்கிற யாரையும் இனி நம்பிப் பிரயோசனம் இல்லை. கடைசியில் தகர அட்டை நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே பத்மப்ரியாவின் அறைக்குப் போனார். மாடிப்படி ஏற மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

"ஜனவரி மாசத்து டேப்பப் போடுங்கம்மா. பேச்சக் கேக்காண்டாம், பின்னால என்ன சத்தம்னு மட்டும் கேளுங்க."

போட்டாள். பேச்சுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று சீராக விழுந்துகொண்டிருந்தது.

"இப்போ ஜூலை டேப்பு."

பெட்டி சுற்றியது. "தலை ஆடுது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுது" என்றது மாணவரின் குரல். அதன் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. பத்மப்ரியா சத்தத்தைக் கூட்டினாள். மின்விசிறி கேட்டது, தூரத்தில் யாரோ இருமியது கேட்டது. அட்டை தட்டவில்லை.

"கம்பியை யாராவது சரி பண்ணியிருப்பாங்க" என்றாள். குரல் உள்ளே போய்விட்டிருந்தது.

"யாரும் பண்ணல. அப்படியேதான் தொங்குது."

அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் முகம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்ததை நேசையா கவனித்தார். அடுத்த நொடி அவள் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

நேசையாவை ஐந்தாம் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தார்கள். ஞானசம்பந்தன் வாசலில் வரும்போதே சிரித்தார். "என்ன வே நேசையா, தலை நல்லாத்தான ஆடுது. இந்தம்மா எதுக்கு இப்படிப் பதறுதாங்க?"

பத்மப்ரியா தகர அட்டையை நகர்த்தி அவர் தலைக்குப் பின்னால் கம்பியில் சேர்த்துவைத்தாள். எல்லாரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. ஞானசம்பந்தனின் சிரிப்பு பையக் கரைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவரே ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் குழலை வைத்துக் கேட்டார். ஓங்கி அடித்த இதயம் இப்போது ஓய்ந்துகொண்டிருந்தது, தலையை ஆட்டும் தெம்புகூட அதற்கு இல்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

"எப்போலேருந்து வே?" என்று கேட்டார்.

"ஜூன் மாசத்துலேருந்து சார்."

"சொல்லப்படாதா?"

"சொன்னேன் சார்."

ஞானசம்பந்தன் காதிலிருந்து குழலை எடுத்துவிட்டு, ஏறிட்டுப் பார்க்க முடியாமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. இன்னும் ஒரு மாசம் போயிருந்தால் மேஜையில் ஏற்றியிருக்கவே முடியாது என்று அங்கே சொன்னார்கள். கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். பத்மப்ரியா தன் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினாள். அதில் ஏமாந்தவர்கள் பட்டியலில் தன் பெயரைத்தான் முதலில் போட்டாள்.

நேசையா வீடு வந்து சேர்ந்த மறுநாள் மத்தியானம். தெருவில் நடமாட்டம் இல்லை. கிரேஸ் அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். தகர அட்டை தட்டாமல் காட்டிக்கொடுத்த கதையை அவர் அப்போதுதான் மறுபடி சொல்லி முடித்திருந்தார்.

"இருபது வருஷம் பாத்த மொகம்," என்றாள். "நான் பாக்கவே இல்லியே ஜெசிப்பா."

"இப்போ ஆடுதா சொல்லு."

அவள் பார்த்தாள். பதில் சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவர் கன்னங்களைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"ஆடல," என்றாள். பிறகு கண்ணைத் திறக்காமலே தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். "என்னங்க, அந்தத் தகரத்த இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க?"

நேசையா சட்டைப் பொத்தானைக் கழற்றி, அவள் கையை எடுத்து நெஞ்சில் புதுத் தழும்பின்மேல் வைத்தார். டிக், டிக் என்ற சத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.