ஆந்தை பார்த்த கரடி

கண்காணிப்புக் கேமராக்களின் பதினாறு திரைகள். ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்து அறையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடம் அவர் பார்த்த உலகம் அவ்வளவுதான். கார் நிறுத்துமிடம், லிஃப்ட் வாசல், பின்கதவு. இமைக்காமல் பார்ப்பார் என்பதால் கூட வேலை செய்தவர்கள் ஆந்தை என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. "ஆந்தைக்குச் சோறு வெச்சாச்சா?" என்று மகள்கூடக் கேட்பாள்.

பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை. வலது கை விழுந்தது. பேச்சும் போனது. விழுங்க முடிந்தும் வாயைத் திறக்க மறுத்தார். மூக்கில் போட்ட குழாயை இடது கையால் பிடுங்கி எறிந்தார். "அடுத்த தடவை வரும்போதும் எடை குறைஞ்சிருந்தா, வயித்துல துளை போட்டுத்தான் குழாய் வைக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு தினமும் மல்லுக்கட்டினாள்.

கரடியைக் கண்டுபிடித்தது மகள். எங்கோ வடகோடியில் ஓர் அருவியோரம் வைத்த கேமரா. டிவியில் அதன் நேரலை. நுரைக்கு நடுவே ஒரு பழுப்புக் கரடி ஆடாமல் அசையாமல் நின்றது. சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து எகிறின. ஒன்று கிட்டே வந்ததும் கரடி லபக்கென்று கவ்வியது. அதே நொடியில் ஆந்தையின் வாயும் திறந்தது. மனைவி கரண்டியை உள்ளே விட்டாள்.

"அடியே, முழுங்கிட்டாருடி!"

அன்றிலிருந்து காலைச் சாப்பாடு கரடியோடுதான். அது மீனைத் தவறவிட்டால் கரண்டியும் காத்திருக்கும். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னைய இப்படி வாயப் பொளந்து பாத்திருப்பீங்களா? எல்லாம் அந்தத் தடியனுக்குத்தான்" என்று அவள் நொடித்துக்கொள்வாள். அவர் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

பிறகு மீன் வரத்து நின்றது. கரடியும் வரவில்லை. வெறும் அருவியைக் காட்ட அவளுக்குப் பயம். "கரண்ட் இல்லங்க" என்று சொல்லிப் பார்த்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"போன மாசத்து வீடியோவ போடுடி."

"அப்பா கண்டுபிடிச்சிடுவாரும்மா."

"கரடி கரடிதானே, அதுல என்ன தெரியப்போகுது?"

தேதி தெரியும் மூலையில் மனைவி ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள். கரடி வந்தது, மீனைக் கவ்வியது. ஆந்தையின் வாய் திறக்கவில்லை. அவர் கண் பாறைமேல் உட்கார்ந்திருந்த நொண்டிக் கடற்பறவைமேல் இருந்தது. கரடி கவ்வும்போது அது அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்ததை முன்பே பார்த்திருக்கிறார்.

"ப... ழசு" என்றார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதிவான காட்சிக்கு அடித்தளத்து அறையில் வழங்கிய பெயர் அது. திருடன் போன பிறகு போலீஸ் வந்து பார்ப்பது பழசு. ஆந்தையின் வேலை, நடக்கும்போதே பார்ப்பது.

விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்தாள். நேரலைக்கு மாற்றினாள். பாறை, தண்ணீர், நுரை.

"இந்தாங்க, நிஜம். உங்க தடியன் வரல. ஒண்ணுமே இல்ல. போதுமா?"

அவர் மெல்லத் திரும்பினார். பார்வை இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம்வரை போய், மறுபடி இடதுக்கு வந்தது. ஒருமுறை அவர் வீட்டில் மறந்துவைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அந்த அடித்தளத்து அறைக்குப் போனபோது இதே பார்வையை அவள் பார்த்திருக்கிறாள். "என்னத்தப் பாக்கறீங்க, ஒண்ணும் நடக்கலையே?" என்று அன்று கேட்டாள். "அதத்தான் பாக்கறேன்" என்றார் அவர்.

அவள் கரண்டியைக் கிட்டே கொண்டுபோனாள். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் வாயைத் திறந்தார்.

டாக்டர் எடை பார்த்துவிட்டு, குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அந்த வாரமே கேமராவைக் குளிர்காலத்துக்காக நிறுத்திவிட்டார்கள். மகளும் அம்மாவுமாகக் கட்டிலைத் தெருப்பக்க ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள்.