இரண்டு கரண்டி இருமல் மருந்து

பெப்ரவரி பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு பத்துக்கு லண்டன் மோர்டனில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் இது தொடங்கியது. மேல் அறையில் வாடகைக்கு இருந்த ஜப்பானியப் பெண்ணுக்கு இருபது வயது. லண்டன் கால்பந்துக் கழகமொன்றின் முன்கள வீராங்கனை. சனிக்கிழமை ஆட்டத்தில் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆட அவளைத் தெரிவு செய்திருந்தார்கள்.

"பிள்ளை இருமிக்கொண்டு நிண்டது. கொழும்பு மருந்திலை ரெண்டு கரண்டி குடுத்தனான்," என்றார் அம்மா. "ரெண்டு கையாலையும் வாங்கி, குனிஞ்சு கும்பிட்டிட்டுக் குடிச்சுது. நீயும் இருக்கிறியே!"

போத்தலில் அச்சிட்டிருந்ததை வாசித்தேன். விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை, குடிவந்த அன்றே அவள் என்னிடம் தந்து, அம்மாவுக்குச் சொல்லிவைக்கக் கேட்டிருந்தாள். அதிலிருந்த பெயரொன்று போத்தலிலும் இருந்தது. அம்மாவின் உபசரிப்பில் குறுக்கிடக் கூச்சப்பட்டு, நான் நான்கு மாதமாக எதுவும் சொல்லவில்லை.

"இருமல் மருந்திலை என்னடி கள்ளம்?"

"சோதிச்சால் பிடிபடும், அம்மா. பிறகு அவள் விளையாட ஏலாது."

அம்மா போத்தலை மூடி, மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

மேலே போய் அவளிடம் சொன்னேன். காலணிக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"உன் அம்மாவுக்குப் பட்டியலைப் பற்றித் தெரியும் என்று நினைத்துத்தான் குடித்தேன்," என்றாள் ஆங்கிலத்தில், மிக மெதுவாக.

அன்றிரவு இருவரும் உறங்கவில்லை. மறுநாள் காலை பல்கலைக்கழக விரிவுரைக்குப் போகாமல், போத்தலையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அவளோடு கழக மருத்துவரிடம் சென்றேன். அவள் மன்னிப்புக் கேட்கக் குனிவதற்கு முன், தவறு என்னுடையது என்று சொன்னேன்.