மேசையில் நடந்த சங்கு

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கும், தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அவர்களுடைய அம்மாமாருக்கும் கெசியாவின் ஸ்தோத்திரம். போன பங்குனியில் என் தங்கச்சி தபித்தா மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காலையில் கடற்கரையில் ஓடித் திரிந்த பிள்ளை. மத்தியானம் அவளுடைய இமைகள் தாமாக விழுந்துவிட்டன. கையைத் தூக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல அவளுக்கு நாக்குப் புரளவில்லை. எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவளை இழக்கப்போகிறோம் என்றே நான் நினைத்தேன்.

நாங்கள் அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. முன்பு ஆசிரியையாக இருந்த அம்மாதான் வீட்டில் படிப்பிக்கிறார். இதைச் சொன்னவுடன் ஆட்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். இரவு உடுப்போடேயே படிப்பீர்களா? உங்களுக்குச் சிநேகிதிகள் இருக்கிறார்களா? சிநேகிதிகள் இருக்கிறார்கள். இரவு உடுப்போடு படிக்க அம்மா விடமாட்டார். காலை ஜெபம் முடிந்ததும் கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம். பின்னேரங்களில் நான் குரோஷே பின்னுவேன், கேக் செய்து கருக்குவேன். தபித்தா கீபோர்டில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பக்கத்து வீட்டு ரதி அக்காவின் பொறுமையைச் சோதிப்பாள்.

எங்கள் இருவருக்கும் புத்தகப் பைத்தியம். எனக்கு மிஷனரிப் பெண்களின் வாழ்க்கைக் கதைகளும் துப்பறியும் கதைகளும் வேண்டும். கடைசி அத்தியாயத்தை முதலே புரட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு வரும் பெரிய சோதனை. தபித்தாவுக்குக் கதை பிடிக்காது. மீன், நண்டு, சிப்பி, சங்கு பற்றிய படப் புத்தகங்களையே நூலகத்தில் இருந்து அள்ளிக்கொண்டு வருவாள். கடல் அட்டைக்கு ஏன் கண் இல்லை, ஆண்டவர் இரத்தம் குடிக்கிற நுளம்பை எந்த நாளில் படைத்தார் என்று கேட்டு எங்கள் போதகரையே தலை சொறிய வைத்தவள். நானும் கேள்வி கேட்பேன். ஆனால் ஜெபத்தில் மட்டும் கேட்கமாட்டேன். ஜெபத்தை அழகான வசனங்களாகக் கோத்துச் சொல்லுவேன். சபையில் எல்லாரும் மெச்சுவார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் வாசிப்பு நேரம். ஆளுக்கொரு மூலையில் இருந்து வாசிக்க வேண்டும், ஒருவரும் கதைக்கக் கூடாது. "வீடு பத்தி எரிஞ்சால் மட்டும் வாயத் திறக்கலாம்" என்பது அம்மாவின் சட்டம். தபித்தா வாயாடி என்றாலும் சட்டத்தை மீறமாட்டாள்.

புதன்கிழமைகளில் காலையில் அம்மா எங்களைச் சாம்பல்தீவுக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். அதுதான் எங்கள் கடல் வகுப்பு. உயிருள்ளதைத் தொடக் கூடாது, சிப்பி, சங்குகளின் வெறும் கோதுகளை மட்டும் எடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் எடுத்தவற்றைக் கழுவி, முன்னறை மேசையில் பழைய துணி விரித்து அடுக்குவோம். அன்று தபித்தாவுக்குக் கூம்பு வடிவில், வலை பின்னியது போன்ற கோலத்தோடு ஒரு சங்கு கிடைத்தது. தட்டிப் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. வெறும் கோது என்று முடிவு செய்துவிட்டாள். மற்றக் கோதுகளோடு உரசிக் கோலம் கெட்டுவிடும் என்று அதைப் பைக்குள் போடாமல், ஓட்டோவில் வீடு வரும் வரைக்கும் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தாள். வழியில் உள்ளங்கையில் ஏதோ சுருக்கென்றதாம். நுளம்பு கடித்ததாக நினைத்து அதை யாருக்கும் சொல்லவில்லை.

வாசிப்பு நேரம் தொடங்கியது. என் புத்தகத்தில் கொலைகாரன் பிடிபடும் இடம். அப்படி இருந்தும் தபித்தாவின் பக்கம் என் கண் போய்க்கொண்டே இருந்தது. அவள் புத்தகத்தின் ஒற்றையைப் புரட்டவே இல்லை. படம் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். பிறகும் புரட்டவில்லை. எனக்கு ஆவல் தாங்கவில்லை. சட்டத்தை மீறிக் கேட்டேன்.

"தபி, என்னடி அப்பிடிப் பாக்கிறாய்?"

அவள் மெதுவாக வாயைத் திறந்தாள். "அக்கா, சொண்டு, நாக்கெல்லாம் மரத்துப் போச்சு. எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"எப்ப தொடக்கம்?"

"வாசிக்கத் தொடங்கினதில இருந்து." கதைக்கக் கூடாது என்பதற்காகப் பேசாமல் இருந்திருக்கிறாள். அம்மாவும் நானும் அவளை எழும்பச் சொன்னோம். கால் மடிந்து விழுந்துவிட்டாள்.

அம்மா அவளைத் தூக்கினார். நான் ஓட்டோவைக் கூப்பிட்டேன். வீட்டைப் பூட்டவும் நினைவில்லை, அடுப்பில் சோறு இருந்ததும் நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குப் பேச்சுக் குழறி, பிறகு நின்றே விட்டது.

டாக்டர் இளம் பெண். கால், கை, கழுத்து எல்லாம் தேடிப் பார்த்தார். பாம்பு கடித்த ஆட்களுக்கு இப்படி இமை விழுமாம். "கடிவாயைக் காணேல்ல அம்மா. பாம்பெண்டு தெரியாமப் பாம்பு மருந்து ஏத்தவும் யோசினையாக் கிடக்கு, சிலருக்கு அது ஒத்துவராது. பிள்ளை எங்க போனது, என்னத்தத் தொட்டது, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அம்மா கடற்கரை போனதைச் சொன்னார். ஆனால் கடலுக்குள் நாங்கள் இறங்கவே இல்லை. எடுத்ததெல்லாம் வெறும் கோது என்றுதான் நம்பியிருந்தோம். அம்மா உள்ளே நிற்க, நான் அவருடைய போனோடு வெளியே மர வாங்கில் குந்தியிருந்தேன். ஜெபிக்கப் பார்த்தேன். கோத்து வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் சின்னப் பிள்ளை கேட்பது போல ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "ஆண்டவரே, என்ன அது? எங்களுக்குக் காட்டுங்கோ."

உடனே ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அதையே கேட்டேன். பிறகும் கேட்டேன். அப்போதுதான் போன் அடித்தது. ரதி அக்கா. சோறு கருகும் மணம் மூக்கில் அடித்து எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறார்.

"பிள்ளை, சோறு அடிப்பிடிச்சுப் போச்சு, அத விடு. இஞ்ச உங்கட மேசையில ஒரு சங்கு நடந்து போகுது. நான் கூட்டிற தும்புத்தடியோட நிக்கிறன். என்ன செய்யிறது இத?"

வெறும் கோது நடக்காது, தபித்தா பொத்திக்கொண்டு வந்தது உயிரோடு இருந்திருக்கிறது. "கையால தொடாதேங்கோ அக்கா. படம் எடுத்து அனுப்புங்கோ" என்றேன்.

படத்தில், விரித்த துணியைத் தாண்டி மேசை விளிம்பு வரைக்கும் வந்திருந்தது அந்தச் சங்கு. பின்னால் ஈரக் கோடு. முன்னால் ஒரு குழாய் நீண்டிருந்தது. டாக்டரிடம் காட்ட ஓடினேன். அவர் படத்தை அனுப்பி, கொழும்பில் இருக்கும் நஞ்சுத் தகவல் நிலையத்தோடு கதைத்தார். அந்தச் சங்கு மீனைக் குத்திப் பிடிக்கும் நஞ்சுள்ளதாம். அதற்கு மாற்று மருந்து இல்லை. நஞ்சு தானாக இறங்கும் வரைக்கும் மூச்சை மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடனே அவளை மூச்சு விட வைக்கும் மெசினில் போட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா வேலைச் சப்பாத்தோடேயே ஓடி வந்தார். சபையார் ஜெபித்தார்கள். ரதி அக்கா தன் பிள்ளையாருக்கு முன்னால் அழுதாராம். எங்களுக்கு ஆண்டவர் அனுப்பிய ஆள் அவர்தான் என்று அம்மா அவரைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்.

அடுத்த நாள் தபித்தாவின் விரல் அசைந்தது. அதற்குப் பிறகு கண் திறந்தது. வாயில் இருந்த மெசின் குழாயைக் கழற்றியதும் அடைத்த குரலில் அவள் கேட்ட முதல் கேள்வி: "அது செத்துப் போச்சா?"

சாகவில்லை, ரதி அக்கா அதைத் தும்புத்தடியால் ஒரு வாளிக்குள் தள்ளி வைத்திருந்தார். அப்பா அதை நசுக்கவே இருந்தார். "அது பயத்தில குத்தினது அப்பா. பிழை என்ர" என்றாள். அப்பா அதை வாளியோடு கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார்.

நான் துருவித் துருவிப் பார்க்கிறவள். தற்செயல் என்று சிலர் சொல்வார்கள் என்பதும் தெரியும். சோற்றை நான் மறந்திராவிட்டால் ரதி அக்கா உள்ளே வந்திருப்பாரா? அவர் வந்த நேரம் பார்த்து அந்தச் சங்கு ஏன் நடந்தது? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்கக் கேட்க ஆண்டவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. இப்போது என் ஜெபத்தில் அழகு இல்லை, கேள்விதான் இருக்கிறது. வெறும் கோது போலத் தெரிகிற கூம்புச் சங்கையும் கையால் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

நானும் தபித்தாவும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். அவள் குறட்டை விடுவாள். முன்பெல்லாம் ஒரு உதை கொடுத்து நிற்பாட்டுவேன். இப்போது அது நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். சகோதரிகளே, உங்கள் பக்கத்திலும் யாராவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு விளங்காததை எல்லாம் பயப்படாமல் அவரிடம் கேளுங்கள்.