மேலுறை இல்லாத புத்தகங்கள்

அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாளெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவருக்கே மூச்சு வாங்கும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கௌபாய். குதிரையைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிற மனிதர்தான். ஆனால் அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தைப் பற்றி அந்தக் காலத்தில் வந்த நாவல்களின் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க அவைதான். ஒன்றுக்குக்கூட மேலே சுற்றிவரும் காகித உறை கிடையாது. எல்லாம் வெறும் துணி அட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைப் போலவே பழைய புத்தகப் பித்துப் பிடித்த தையல்கார நண்பர் வந்திருந்தார். அடுப்படியில் நின்ற மனைவிக்கு அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது.

"உறையோட ஒண்ணு கைக்கு வந்திருக்குப்பா. முதல் பதிப்புக்கு உறைதானே உசிரு! நீ என்னடான்னா எப்பவும் மொட்டையாவே வாங்குற."

"மெதுவா பேசு. முன்னாடி எல்லாம் உறையோடதான் இருந்துச்சு. கல்யாணமான புதுசுல, கந்தலா கெடக்குன்னு அவ அத்தனையும் உரிச்சுக் குப்பையில போட்டுட்டா. வேலை முடிஞ்சு வந்தா, 'இப்போ பளிச்னு இருக்குல்ல?'ன்னு கேட்டா. ஆமான்னேன். இப்போ போய் உறையோட வாங்கி வெச்சா, இது மட்டும் ஏன் இப்படின்னு கேப்பா. குட்டு உடைஞ்சிடும்."

நண்பர் கிளம்பிப் போகும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"அன்னிக்கே திட்டியிருக்கலாம்ல? ஒரு சண்டையோட போயிருக்கும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேட்டுட்டியா?"

"நான் என்ன செவிடா?"

"மூஞ்சியெல்லாம் தூசி, அவ்வளவு சந்தோஷமா நின்னே. எந்த வாயால திட்டுறது?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. தனக்கே தெரியாமல் ஒருவர் தன்னை மன்னித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது, வேறு யாரோ சுமந்த மூட்டையைத் திடீரென்று தன் தோளில் இறக்கியது போல இருந்தது.

"அந்தப் புத்தகத்தை வாங்கிடுங்க."

"வேணாம். அதைப் பொத்திப் பொத்திப் பாக்க இனிமே எனக்குத் தெம்பில்ல."

மறுநாள் அவளே தையல் கடைக்குப் போய் அதை வாங்கி, கைப்பையில் வைத்து எடுத்து வந்தாள். சாயங்காலம் அவர் வந்ததும் கட்டிலில் எடுத்து வைத்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"உறை ஓரம் மடங்கியிருக்கே. பைக்குள்ள திணிச்சா கொண்டு வந்தே?"

"ஆமா."

"ஏன்டி, ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சுக் கொண்டு வரணும்னு தோணலையா? என்ன பழக்கம் இது? எதைத் தொட்டாலும் அவசரம்!"

குரல் உயர்ந்துகொண்டே போனது. அன்றைக்குத் திட்டாததையும் சேர்த்துத் திட்டி முடிக்கட்டும் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.